தங்கவயல் சுரங்கத்தில் மாண்ட எங்கள் முன்னோர்: ஒரு தேடல்

நமது பங்கின் ஜூபிலி மலருக்குப் பழைய குடும்பங்களைப் பற்றி ஏதேனும் எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாகச் சொல்லி வந்த ஒரு செய்தியை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றே முதலில் எண்ணினோம். "கொள்ளுத் தாத்தா பெரிய ஏர்பிளாஸ்டில் போனார். பிரேதம்கூடக் கிடைக்கவில்லை. அவஸ்தைப்பூசுதலும் இல்லை, கல்லறையும் இல்லை." அச்செய்தி இவ்வளவுதான். எழுத உட்கார்ந்த பிறகுதான், எந்த ஆண்டு, எந்த மாதம், அவருடன் இறந்தவர்கள் யார் என்று ஒன்றுமே எங்களுக்குத் தெரியாது என்பது புலப்பட்டது. அண்ணன் தம்பிகள் மூவரும் கூடிப் பேசினோம். ஆளுக்கு ஓர் ஆண்டைச் சொன்னோம். மூன்றும் தவறு என்று பின்னால் தெரிந்தது.

எங்கள் பெரிய ஆயா, அதாவது கொள்ளுத் தாத்தாவின் மனைவி, கல்லறைத் திருநாளன்று செய்து வந்ததை இங்கே சொல்ல வேண்டும். மற்றவர்களெல்லாம் தத்தம் வீட்டுக் கல்லறையைக் கழுவிச் சுண்ணாம்பு பூசிப் பூ வைக்கும்போது, பெரிய ஆயா மட்டும் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நிற்கும் பெரிய சிலுவையடியில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு, யாரிடமும் பேசாமல் வீடு திரும்பிவிடுவாராம். "ஊருக்கெல்லாம் ஒரு குழி இருக்கு, எனக்கு இந்தச் சிலுவைதான்" என்பாராம். எங்கள் தகப்பனார் சொல்லக் கேட்டது இது. கல்லறை இல்லாத துக்கத்தைவிட, கடைசி நேரத்தில் குருவானவர் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டாரே என்ற துக்கமே அவருக்குப் பெரிதாக இருந்ததாம். சாகும்வரை அது ஆறவில்லை.

தங்கவயலின் கதை நம் பங்கு மக்களுக்குப் புதிதல்ல. ஆயினும் இளைஞர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறோம். 1802-ல் லெப்டினன்ட் ஜான் வாரன் மாரிகுப்பம் பக்கம் வந்து, கிராமத்தார் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதி வைத்தார். 1870-களில் லாவெல் என்ற அயர்லாந்து நாட்டு முன்னாள் படைவீரர் சுரங்க உரிமை கேட்டு மைசூர் அரசுக்கு மனுப் போட்டார். 1880-ல் லண்டனில் மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனி தொடங்கப்பட்டது. சில ஆண்டுகள் பணத்தை விழுங்கியபின், ஜான் டெய்லர் நிறுவனத்தாரின் மேற்பார்வையில் சாம்பியன் ரேகை எனப்படும் வளமான பொன்ரேகை அகப்பட்டது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள் பெருகின. 1894-ல் பவுரிங்பேட்டையிலிருந்து ரயில் கிளை வந்தது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் மின்சாரம் வந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியாரும் இத்தாலியரும் மேலாட்களாக வந்தனர். பாறையைக் குடைந்து அள்ளிய கைகளோ பெரும்பாலும் வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்து ஏழைகளின் கைகள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் எங்கள் கொள்ளுத் தாத்தா. சேத்துப்பட்டுப் பக்கத்தில் ஒரு சிற்றூர். இன்று அது திருவண்ணாமலை மாவட்டம். அன்று வட ஆற்காடு. தாது வருஷப் பஞ்சத்திற்குப் பிறகு தாராஸ் சுவாமியின் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற எத்தனையோ குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நிலம் இல்லை. போளூரில் ரயிலேறி, காட்பாடியிலும் ஜோலார்பேட்டையிலும் வண்டி மாறி, பவுரிங்பேட்டை வழியாக மாரிகுப்பத்தில் இறங்கினால் வேலை உண்டு என்று ஒரு மேஸ்திரி சொன்னார். இறங்கினார். லைன் வீட்டில் மூங்கில் தட்டிக்குள் குடித்தனம். இதெல்லாம் வீட்டில் சொல்லி வந்தது. இதில் தவறு ஒன்றும் இல்லை.

இனி, அந்த 'ஏர்பிளாஸ்ட்' என்பது என்னவென்று பார்ப்போம். நிலக்கரிச் சுரங்கங்களில் எரிவாயு தீப்பற்றி வெடிக்குமே, அது இதுவல்ல. தங்கவயலில் நிலக்கரி இல்லை. இங்கே வெடித்தது பாறை. பல்லாயிரம் அடி கனமுள்ள மலை மேலிருந்து அழுத்திக் கொண்டிருக்க, கீழே பொன்தாதுவை வெட்டி எடுக்க எடுக்க, எஞ்சி நிற்கும் பாறையின் மேல் அந்தப் பாரம் முழுவதும் வந்து குவிகிறது. இருபுறமும் வெட்டிக்கொண்டு வந்து நடுவில் ஒரு துண்டு மிஞ்சும்போது அதன் நிலை மிக மோசம். தாங்கும் வரை தாங்கும். பிறகு ஒரு நொடியில் பீரங்கி வெடித்தாற்போல் சிதறும். அப்போது குகைவழியே பாய்ந்து வரும் காற்று விளக்குகளை அணைத்து ஆட்களைத் தூக்கி எறியும். ஆகவே காற்றுதான் காரணம் என்று எண்ணி ஏர்பிளாஸ்ட் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மைசூர் அரசின் நிலவியல் துறையிலிருந்த ஸ்மீத் என்பவர் 1904-லேயே தங்கவயலின் ஏர்பிளாஸ்டுகளையும் அதிர்வுகளையும் பற்றித் தனியாக ஓர் ஆய்வு நூல் வெளியிட்டார் என்றால், அக்காலத்திலேயே இது எவ்வளவு பெரிய தொல்லையாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். சுரங்கம் ஆழமாகப் போகப் போக இது அதிகமாயிற்று. சாம்பியன் ரீஃப் இறுதியில் பத்தாயிரம் அடிக்கும் கீழே போயிற்று. அந்த ஆழத்தில் பாறையின் சூடு மட்டும் 65 டிகிரி செல்சியசுக்கு மேல்.

வெட்டிய இடத்தை மரத்தாலும் கருங்கல் சுவராலும் முட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். எந்தத் துண்டை முதலில் வெட்டுவது, எதைப் பின்னால் வெட்டுவது என்று வரிசையையே மாற்றிப் பார்த்தார்கள். ஓரளவு குறைந்தது, ஒழியவில்லை. பாறை நெரியும் ஓசையைக் கருவி வைத்துக் கேட்கும் ஆராய்ச்சி இங்கே பிற்காலத்தில் வளர்ந்தது. 1988-ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே நிறுவப்பட்டதும் இந்த அனுபவத்தின் தொடர்ச்சிதான்.

மேலே வீட்டிலிருப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், அடுப்பங்கரையில் அடுக்கி வைத்த பாத்திரம் கலகலவென்று ஆடும். சுவரில் மாட்டிய சேசுவின் திருஇருதயப் படம் சாயும். உடனே பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஷாஃப்ட் பக்கம் ஓடுவார்கள். இது எங்கள் தகப்பனார் காலம் வரையில் இருந்தது. சங்கு ஊதுமுன் நிலமே செய்தி சொல்லிவிடும்.

தேடலை எங்கிருந்து தொடங்குவது? சுரங்கக் கம்பெனியின் பழைய காகிதங்களைத்தான் முதலில் நினைத்தோம். சுரங்கங்கள் 1956-ல் மைசூர் அரசிடமும், 1962-ல் மத்திய அரசிடமும் சென்று, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆகி, 2001 பிப்ரவரி 28-ம் தேதியோடு மூடப்பட்டுவிட்டன. இத்தனை கை மாறிய காகிதங்களில் 1920-களின் கூலிப் பட்டியல் எதுவும் எங்கள் கைக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் பயன் இருந்திருக்குமோ என்னவோ. அந்நாளில் பலரும் மேஸ்திரியின் கீழ் கூட்டமாக வேலைக்குப் போனவர்கள். ஒருவருக்கு வீட்டில் ஒரு பெயர், கோவிலில் ஒரு பெயர், மேஸ்திரியின் நோட்டில் ஒரு பெயர். 1930-ல் தொழிலாளர்களிடம் கைரேகை வாங்கிப் பதிவு செய்ய முனைந்தபோது, மூன்று வார காலம் வேலைநிறுத்தம் நடந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அடுத்து பெங்களூரில் விதான சௌதாவிலுள்ள அரசு ஆவணக் காப்பகத்திற்குச் சென்றோம். மைசூர் சமஸ்தானத்தின் தலைமைச் சுரங்க ஆய்வாளர் வெளியிட்ட ஆண்டறிக்கைகளில் விபத்துக்களுக்கென்று ஒரு பகுதி உண்டு. கல் விழுந்து இறந்தவர், வெடிமருந்தினால் இறந்தவர், ஷாஃப்டில் விழுந்து இறந்தவர் என்று தலைப்பு வாரியாக எண்ணிக்கை. நாங்கள் பார்க்கக் கிடைத்த பக்கங்களில் எண்கள் இருந்தன. எங்களுக்கு வேண்டிய பெயர் இல்லை. காலை முதல் மாலை வரை குனிந்து படித்துவிட்டு, இரவு ரயிலில் திரும்பும்போது எங்களில் இளையவன் சொன்னான்: "அந்த எண்ணிக்கையில் ஒன்று நம்முடையது. எந்தப் பக்கத்து ஒன்று என்றுதான் தெரியவில்லை."

வழி பிறந்தது வேறு இடத்தில். எங்கள் தாத்தா (இறந்தவரின் ஒரே மகன்) அடிக்கடி சொல்வார்: "எங்க நைனா போனப்போ நான் அம்மா வயித்துல இருந்தேன்." இதை நாங்கள் நூறு முறை கேட்டிருக்கிறோம். இது ஒரு தேதி என்று ஒருமுறைகூட எங்களுக்குத் தோன்றவில்லை. தாத்தா தலைச்சன் பிள்ளை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? அப்படியானால் ஞானஸ்நானம் தங்கவயலில் அல்ல, சேத்துப்பட்டுப் பக்கத்தில்.

போனோம். அங்குள்ள பங்குத் தந்தை அன்போடு பழைய பதிவேட்டை எடுத்து வைத்தார். ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று 1563-ல் திரிதெந்தின் பொதுச்சங்கம் கட்டளையிட்டது. மரணப் பதிவேட்டை 1614-ம் ஆண்டுச் சடங்கு நூல் சேர்த்தது. பாரிஸ் மிஷன் குருக்கள் இதில் வெகு கண்டிப்பு. காய்ச்சலில் கிடந்தாலும் பதிவேட்டை எழுதாமல் விடமாட்டார்கள் போலும். 1922 ஜூன் மாதப் பக்கத்தில் தாத்தாவின் ஞானஸ்நானம் இருந்தது. தகப்பன் பெயருக்கு முன்னால் லத்தீனில் ஒரு சிறு சொல்: 'தெஃபூங்த்தி'. 'இறந்துபோனவருடைய' என்று பங்குத் தந்தை பொருள் சொன்னார். பிள்ளை பிறக்கும்போது தகப்பன் இல்லை. ஆக, 1921-ன் பிற்பகுதிக்கும் 1922 ஜூனுக்கும் நடுவே ஒன்பதே மாதம். பல ஆண்டுகள் என்று பரந்து கிடந்த தேடல் அந்த ஒரு சொல்லில் சுருங்கிற்று.

பிறகு தங்கவயல் மரணப் பதிவேடு. ஒன்பது மாதப் பக்கங்களையும் மூன்று முறை புரட்டினோம். அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை! மனம் மிகச் சோர்ந்தது. அப்போது உதவிக்கு வந்தவர் எங்கள் உபதேசியார். "லத்தீனில் எழுதியிருப்பார்கள் ஐயா. நாம் வழங்கும் பெயரைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?" என்றார். உண்மைதான். ராயப்பன் என்றால் பெத்ருஸ். சின்னப்பன் என்றால் பவுலுஸ். அருளப்பன் என்றால் யோவான்னெஸ். சூசை என்றால் யோசேஃபுஸ். சந்தியாகு என்றால் யாக்கோபுஸ். நம் முன்னோர்கள் வழங்கிய பெயர்களுக்கும் பதிவேட்டிலுள்ள பெயர்களுக்கும் உள்ள இந்த உறவை இன்றைய பிள்ளைகள் எத்தனை பேர் அறிவார்கள்? எங்கள் கொள்ளுத் தாத்தாவின் பெயரும் இப்படிப்பட்ட ஒன்றே. நாங்கள் மூன்று முறை தாண்டிப் போன பக்கத்தில்தான் அவர் இருந்தார்.

1922, தவக்காலம். ஆறே வரிகள். வயது 24 என்றிருந்தது. ஊர்ப் பெயரைப் பிரெஞ்சு முறையில் எழுதியிருந்தபடியால் கண்ணுக்கு எட்டவில்லை. உரக்கப் படித்தபோது காதுக்கு எட்டியது. மனைவியின் பெயரும் இருந்தது. ஐயமில்லை, அவரேதான். மீதியை எங்கள் பங்குத் தந்தை வரி வரியாகப் படித்துச் சொன்னார். 'ஃபொதீனா' என்றால் சுரங்கம். இரண்டு நாட்களுக்கு முன் சுரங்கத்தில் காயமுற்று, ஆஸ்பத்திரியில் ஆத்துமத்தை ஆண்டவரிடம் ஒப்படைத்தார். மறுநாள் பங்குக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். பிறகு 'மூனீத்துஸ்' என்றொரு சொல். தந்தை அங்கே சற்று நிறுத்தினார். "அரணளிக்கப்பட்டவராய் என்று பொருள். அவஸ்தைப்பூசுதலால் அரணளிக்கப்பட்டவராய் இறந்தார் என்று எழுதியிருக்கிறது" என்றார்.

எங்களில் மூத்தவர் எழுந்து வெளியே போய்விட்டார். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

ஆக, வீட்டில் சொல்லி வந்த கதையில் மூன்று தவறு. பிரேதம் கிடைத்திருக்கிறது, குருவானவர் போயிருக்கிறார், குழி இருந்திருக்கிறது. அப்படியானால் பெரிய ஆயா வாழ்நாளெல்லாம் அழுதது எதனால்? யோசித்துப் பார்த்தோம். அவர் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணியாகச் சொந்த ஊரில் இருந்தார். செய்தி கொண்டு வந்தவர் யாரோ, என்ன சொன்னாரோ! "சுரங்கம் வாங்கிக்கொண்டது" என்று ஒரு வார்த்தை வந்ததாக வீட்டில் சொல்வதுண்டு. பிரேதத்தை அவர் பார்க்கவில்லை. பார்க்காதது நாளடைவில் கிடைக்காதது ஆகிவிட்டது. மகனுக்கு வேலை தேடி அவர் தங்கவயலுக்குத் திரும்பி வந்தது சுமார் 15 ஆண்டுகள் கழித்து. ஏழைகளின் குழிக்கு மரச் சிலுவைதானே? அதைச் செல் அரித்திருக்கும். அதே இடத்தில் வேறொருவரை வைத்திருப்பார்கள். கூட வேலை செய்த மேஸ்திரியும் இல்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பங்களாவின் மேசைப் பெட்டிக்குள் லத்தீனில் இருந்த ஆறு வரியை அவர் எப்படி அறிவார்? கேட்டிருந்தால் சுவாமி சொல்லியிருப்பார். கேட்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

'பெரிய ஏர்பிளாஸ்ட்' என்பதும் சரியல்ல. அது பிற்கால நினைவு முன்காலத்தோடு கலந்ததால் வந்தது என்று எண்ணுகிறோம். 1962-ல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் கிளென் பகுதியில் நேர்ந்த பெரும் பாறைவெடிப்பை எங்கள் தகப்பனார் தலைமுறை மறக்கவே இல்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசி, முன்பு இறந்தவரையும் ஒரு பெரிய விபத்தில் சேர்த்துவிட்டார்கள். பலரோடு சேர்ந்து போனார் என்பதில் ஏதோ ஓர் ஆறுதல் இருந்திருக்கலாம். பதிவேடு சொல்வது வேறு. அவர் இறந்தது ஓர் ஊரே நினைவில் வைத்த நாளன்று அல்ல. சாதாரண ஒரு ஷிப்டில், ஒரு மூலையில் பாறை வெடித்தபோது அகப்பட்டவர் இருவர். மரணப் பதிவேட்டை முன்னும் பின்னும் புரட்டினால் இப்படியே, இன்று ஒருவர், மறு மாதம் இருவர் என்று 'ஃபொதீனா' என்ற சொல் வந்துகொண்டே இருக்கிறது. பெரிய விபத்துகளுக்குப் பத்திரிகை உண்டு, விசாரணை உண்டு. இவர்களுக்கு இந்த ஒரு புத்தகம்தான்.

நஷ்டஈடு என்ன கிடைத்தது என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இயற்றப்பட்டதே 1923-ல்தான். இவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டு. மைசூர் தனிச் சமஸ்தானமாகையால் அந்தச் சட்டமும் அப்படியே இங்கே செல்லாது. பெரிய ஆயா கூலி வேலை செய்து பிள்ளையை வளர்த்தார் என்பதே எங்களுக்குத் தெரிந்த கணக்கு. அந்தப் பிள்ளையும் வளர்ந்து அதே கேஜில்தான் இறங்கினார். பெற்றவள் எப்படி அனுப்பினாள் என்று இன்று கேட்பது எளிது. அன்று தங்கவயலில் வேறு வேலை ஏது?

இருவர் என்றோம் அல்லவா? அதைச் சொல்லித்தான் முடிக்க வேண்டும். எங்கள் கொள்ளுத் தாத்தாவின் பதிவுக்கு இரண்டு வரிசை மேலே, இரண்டு நாள் முந்திய தேதியில், இன்னொருவரின் பதிவு இருக்கிறது. எங்களவருடைய பதிவில் குருவானவர் 'அதே இடிபாட்டில்' என்று ஒரு குறிப்பு எழுதியிருப்பதால், இருவரும் ஒரே இடத்தில் அகப்பட்டவர்கள் என்பது உறுதி. அவர் அந்த இடத்திலேயே மாண்டார். வயது 19. 'திடீர் மரணமாகையால் அருட்சாதனங்கள் இன்றி' என்று எழுதியிருக்கிறது. பெரிய ஆயா எதை நினைத்து அழுதாரோ, அது உண்மையில் அந்த வீட்டுக்கு நேர்ந்தது. அவருக்கு மனைவி பெயர் இல்லை; தாயின் பெயர் மட்டும் இருக்கிறது.

சென்ற கல்லறைத் திருநாளன்று இருவர் பெயரையும் சேர்த்தே திருப்பலிக் கருத்துக்குக் கொடுத்தோம். பெரிய சிலுவையடியில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினோம். சயனைடு மேட்டுப் பக்கமிருந்து வந்த காற்றில் இரண்டும் அணைந்து அணைந்து எரிந்தன.

அந்த இளைஞரின் உடன்பிறந்தோர் வழியினர் நம் பங்கிலேயே இருக்கலாம். அல்லது வேலை தேடிப் பெங்களூர்ப் பக்கம் போயிருக்கலாம். மற்றொருவர் வீட்டு மரணத்தை அவர்களைக் கேளாமல் அச்சேற்றுவது முறையல்ல என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரும் தாயின் பெயரும் சொந்த ஊரும் எழுதிய தாள் ஒன்றைப் பங்கு அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறோம். 1922 தவக்காலத்தில் சுரங்கத்தில் இறந்த, மணமாகாத ஓர் அண்ணனையோ தம்பியையோ பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எப்போதாவது சொல்லக் கேட்டிருந்தால், தயவுசெய்து அந்தத் தாளைப் பாருங்கள். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்தபின் நாங்களும் அங்கே இருப்போம்.